ஐஜிஏ நெஃப்ரோபதி: ஸ்டீராய்டா, குடல் மருந்தா, பிரஷர் மாத்திரையே போதுமா?

சிறுநீரில் நுரை, பிரஷர் 150-க்கு மேல், கிட்னி வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் 1.6. பயாப்ஸி எடுத்துப் பார்த்ததில் ஐஜிஏ நெஃப்ரோபதி, அதாவது ஐஜிஏ என்ற ஆன்டிபாடி கிட்னியில் போய்ப் படியும் நோய் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. இருபது முப்பது வயதில் இருப்பவர்களைத்தான் இந்த நோய் அதிகம் பிடிக்கிறது. அதுவரை மருந்துக்கடைப் பக்கமே போகாதவருக்குத் திடீரென்று நாலைந்து வழிகள் முன்னால் வைக்கப்படும். பிரஷர் மாத்திரையும் கிட்னியைக் காக்கும் மாத்திரையும் மட்டும் போட்டுக்கொண்டு பார்ப்பது, ஆறேழு மாதம் ஸ்டீராய்டு எடுப்பது, குடலில் வேலை செய்யும் புடெசோனைடு, நோயெதிர்ப்பை அடக்கும் மைகோஃபினோலேட், அப்புறம் இப்போது வரத் தொடங்கியிருக்கும் புது மருந்துகள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மருந்து புதுசு, எது பலமானது என்று பார்த்து இதில் முடிவெடுக்க முடியாது. கிட்னிக்குள் நோயெதிர்ப்பு செல்கள் இப்போது எவ்வளவு மும்முரமாக இருக்கின்றன, தழும்பு எவ்வளவு விழுந்துவிட்டது என்ற இரண்டையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். செல்களை அடக்க மருந்து இருக்கிறது. விழுந்த தழும்பைக் கரைக்க இன்றுவரை எதுவும் இல்லை.

தழும்பு எப்படி விழுகிறது

பாரிஸில் ழான் பெர்ஜேயும் நிக்கோல் ஆங்லேயும் 1968-ல் இந்த நோயை முதன்முதலாக விவரித்தார்கள். பெயர் கிட்னியைச் சொன்னாலும் ஆரம்பம் அங்கே இல்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பேயர் திட்டுகள் என்ற நிணநீர்த் திசுக்கள் இருக்கின்றன. தொண்டையில் டான்சில் இருப்பதுபோல. அங்கே பழகும் பி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள்தான் ஐஜிஏ என்ற ஆன்டிபாடியைச் சுரக்கும் செல்களாக மாறுகின்றன. சிலருக்கு அந்த ஐஜிஏ-வில் கேலக்டோஸ் என்ற சர்க்கரை குறைந்துபோகிறது. குறையுள்ள அந்த மூலக்கூறை உடம்பு அந்நியமாக நினைத்து, அதற்கு எதிராக இன்னொரு ஆன்டிபாடியை உண்டாக்குகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றி, கடைசியில் கிட்னியின் வடிகட்டும் முடிச்சான குளோமெருலஸில் போய்ப் படிகின்றன. தொண்டை வலியோ சளியோ வந்து ஓரிரு நாளில் சிலருக்குச் சிறுநீர் பால் ஊற்றாத டீ நிறத்தில் போவது இதனால்தான்.

படிந்த இடத்தில் காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதங்கள் தூண்டப்படுகின்றன, அழற்சி தொடங்குகிறது. ரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் உள்ளே வந்து, கண்டதை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களாகின்றன, டி செல்கள் என்ற வேறு வெள்ளை அணுக்களும் சேர்ந்துகொள்கின்றன. வடிகட்டி சேதமாகிப் புரதம் கசிகிறது. கசிந்த புரதம் சிறுகுழாய்களின் உள்சுவர் செல்களை உறுத்த, அவை வேதிச் சமிக்ஞைகளை அனுப்பி இன்னும் மேக்ரோஃபேஜ்களை அழைக்கின்றன. ஆக, சிறுநீரில் போகும் புரதம் நோயின் அடையாளம் மட்டுமில்லை, நோயை வளர்ப்பதும் அதுதான்.

மேக்ரோஃபேஜை வில்லனாக்கிவிடுவது சுலபம், ஆனால் நியாயமில்லை. ரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் தடுத்துக் கிட்னியைக் காயப்படுத்திய எலிகளில், முன்கூட்டியே மேக்ரோஃபேஜ்களை நீக்கினால் சேதம் குறைகிறது. காயம் ஆறும் கட்டத்தில் நீக்கினால் ஆறுவதே தாமதமாகிறது. முதலில் அழற்சியை மூட்டுவதும் பிறகு குப்பையை அள்ளி ரிப்பேர் பார்ப்பதும் இதே இனம்தான். சிக்கல் எங்கே என்றால், ரிப்பேர் முடியாமல் நீண்டுகொண்டே போவதில். கையில் பட்ட வெட்டு ஒருமுறை பட்டது. தழும்பு விழுந்து அதோடு முடிந்துவிடும். இங்கே காயம் தினமும் படுகிறது. அதனால் டிஜிஎஃப்-பீட்டா போன்ற சமிக்ஞைகள் ஓயாமல் வருகின்றன. திசுவிடைவெளியில் சும்மா இருந்த ஃபைப்ரோபிளாஸ்டுகளும், நுண்ணிய ரத்தக்குழாய்களை அணைத்துக்கொண்டிருக்கும் பெரிசைட்டுகளும் மயோஃபைப்ரோபிளாஸ்டுகளாக மாறிக் கொலாஜனைக் கொட்டுகின்றன. சிறுகுழாய் சுருங்குகிறது, அதற்கு ரத்தம் கொடுத்த நுண்குழாய் காணாமல் போகிறது, வடிகட்டியும் சிறுகுழாயும் சேர்ந்த நெஃப்ரான் என்ற அந்த அலகே செத்துவிடுகிறது.

இதற்கு அடுத்த கட்டம்தான் மருந்துத் தேர்வையே மாற்றுவது. நெஃப்ரான்கள் குறையக் குறைய, மிச்சமுள்ளவை கூடுதல் வேலை பார்க்கின்றன. அவற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது, அவையும் நைந்து தழும்பாகின்றன. இந்தச் சுழற்சி தொடர ஐஜிஏ-வே தேவையில்லை. குடலையும் பி செல்லையும் முழுசாக அடக்கிவிட்டாலும், நெஃப்ரான் பாதி போன கிட்னி தன் பாட்டுக்குத் தேய்ந்துகொண்டிருக்கும். ஆக, இரண்டு வேலைகள்: நோயெதிர்ப்புச் செயலை நிறுத்துவது, மிச்சமுள்ள நெஃப்ரானின் பாரத்தைக் குறைப்பது. கேடிகோ என்ற சர்வதேசக் கிட்னி மருத்துவ அமைப்பின் 2025 வழிகாட்டி இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்கிறது. முதலில் ஒன்று, பலிக்காவிட்டால் மற்றொன்று என்ற பழைய வரிசை மாறியிருக்கிறது.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டிய வரி

பயாப்ஸி ரிப்போர்ட்டின் கடைசியில் "எம்1 ஈ1 எஸ்1 டி1 சி0" என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு மதிப்பெண் என்று பெயர். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு முழு ரிப்போர்ட்டிலும் முக்கியமானது இதுதான்.

ஈ என்பது குளோமெருலஸின் நுண்குழாய்களுக்குள் செல்கள் அடைத்துக்கொண்டிருப்பது. சி என்பது பிறைவடிவ அழற்சி, அதாவது கிரெசென்ட். இரண்டும் நோயெதிர்ப்பு செல்கள் மும்முரமாக இருப்பதைக் காட்டுபவை. மருந்துக்கு அடங்க வாய்ப்புள்ளவை. எஸ் குளோமெருலஸில் விழுந்த தழும்பு. டி சிறுகுழாய்களும் இடைத்திசுவும் தழும்பான பரப்பு: 25 சதவீதம் வரை டி0, 26 முதல் 50 வரை டி1, பாதிக்கு மேல் போனால் டி2. எம் மெசாஞ்சியம் என்ற பகுதியில் செல்கள் பெருகியிருப்பது.

இந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து மருந்தைத் தீர்மானிக்கப் போதிய ஆதாரமில்லை என்று வழிகாட்டிகள் சொல்கின்றன, அது சரிதான். 24 மணி நேரச் சிறுநீர்ப் புரதம், இ-ஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு), பிரஷர், வயது எல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் 2021-ல் சீனாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு என் பக்கம் சாய்கிறது. குளோமெருலஸில் மேக்ரோஃபேஜ்கள் அதிகம் இருந்தவர்களுக்கு நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து நன்றாகக் கேட்டது. குறைவாக இருந்தவர்களுக்கு அந்த அளவு கேட்கவில்லை. மேக்ரோஃபேஜை எண்ணும் சாயப் பரிசோதனை எல்லா லேபிலும் வழக்கமாகச் செய்வதில்லை. இருந்தாலும் போக வேண்டிய திசை அதுதான் என்று நினைக்கிறேன்.

அடிப்படை மருந்துகள்: எல்லோருக்கும்

டெல்மிசார்டான், லோசார்டான், ராமிப்ரில் வகையில் ஏதாவது ஒன்று, தாங்கக்கூடிய உச்ச டோஸில். கூடவே டாபாக்லிஃப்ளோசின் அல்லது எம்பாக்லிஃப்ளோசின். முதல் வகை வடிகட்டிக்குள் அழுத்தத்தைக் குறைக்கும், புரதக் கசிவும் குறையும். இரண்டாவது சர்க்கரை நோய்க்கு வந்த மாத்திரை; சர்க்கரை இல்லாத கிட்னி நோயாளிக்கும் பயன்படுகிறது. 2020-ல் வெளியான டாபா-சிகேடி ஆய்வில் ஐஜிஏ நெஃப்ரோபதி உள்ள 270 பேர் இருந்தார்கள். அவர்களில் டாபாக்லிஃப்ளோசின் எடுத்தவர்களுக்குக் கிட்னித் திறன் பாதியாகக் குறைவதோ கிட்னி செயலிழப்பதோ கிட்னி அல்லது இதய நோயால் மரணமோ நேரும் ஆபத்து 71 சதவீதம் குறைந்தது. ஆள் எண்ணிக்கை சிறியது என்பதால் அந்த 71-ஐ அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் பலன் இருப்பதில் சந்தேகமில்லை. இந்தியாவில் 2020-ல் டாபாக்லிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து ஜெனரிக் வந்துவிட்டதால் விலையும் கைக்கு எட்டும்.

இவற்றை யாரும் மருந்தாகவே மதிப்பதில்லை என்பது என் ஆதங்கம். "பிரஷர் மாத்திரைதானே" என்று பாதி டோஸில் விட்டுவிட்டு ஸ்டீராய்டுக்குத் தாவுகிறவர்கள் உண்டு. ஜெர்மனியில் நடந்த ஸ்டாப்-ஐகான் ஆய்வில் முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் இந்த அடிப்படைச் சிகிச்சையை ஒழுங்காகக் கொடுத்தார்கள். சேர்ந்த 337 பேரில் 94 பேருக்கு அதிலேயே புரதம் 0.75 கிராமுக்குக் கீழே வந்து, ஸ்டீராய்டு கட்டத்துக்கே போகத் தேவையில்லாமல் போனது. அப்போது டாபாக்லிஃப்ளோசின் இந்தக் களத்துக்கு வந்திருக்கவேயில்லை.

உப்பும் இந்தக் கணக்கில்தான் வரும். நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு இருந்தால்தான் டெல்மிசார்டான் வகை மாத்திரை முழுசாக வேலை செய்யும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் நாலையும் வைத்துக்கொண்டு சமையலில் மட்டும் உப்பைக் குறைத்துப் பயனில்லை.

ஸ்டீராய்டு: ஒரே கேள்விக்கு இரண்டு பதில்

இதில்தான் டாக்டர்களே இரண்டு கட்சியாக இருக்கிறார்கள், இரண்டு பக்கமும் காரணம் இருக்கிறது.

ஸ்டாப்-ஐகான் 2015-ல் வெளிவந்தது. அடிப்படைச் சிகிச்சைக்கு மேல் ஸ்டீராய்டு கொடுத்தவர்களுக்கு, கிட்னி கூடுதலாக இறங்கியிருந்தால் வேறு அடக்கு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு, மூன்று வருட முடிவில் கிட்னித் திறன் வீழ்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. புரதம் ஏறக்குறைய நின்று, கிட்னித் திறனும் இறங்காமல் நோய் அடங்கியவர்கள் அடக்கு மருந்துக் குழுவில் 17 சதவீதம், அடிப்படைக் குழுவில் 5 சதவீதம். தொற்றும் எடை ஏற்றமும் சர்க்கரையும் அடக்கு மருந்துக் குழுவில் அதிகம். பின்னால் பத்து வருடம் வரை தொடர்ந்து பார்த்தபோதும் கிட்னி செயலிழப்பில் வித்தியாசம் இல்லை.

டெஸ்டிங் என்று பெயர் வைத்த ஆய்வு எதிர்ப் பக்கம். சீனா, இந்தியா, ஆஸ்திரேலியா, கனடா, மலேசியா ஆகிய நாடுகளில் 503 பேர். புரதம் நாளுக்கு 1 கிராம் அல்லது அதற்கு மேல். எடைக் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 மி.கி. மீதைல்பிரெட்னிசலோன் என்று ஆரம்பித்தார்கள். கடுமையான தொற்றுகள் வந்தன, இரண்டு பேர் இறந்தும் போனார்கள். 2015-ல் ஆள் சேர்ப்பதை நிறுத்தி, டோஸை 0.4 மி.கி.யாகக் குறைத்து, நிமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்றுக்குத் தடுப்பு மாத்திரையும் சேர்த்து மறுபடி தொடங்கினார்கள். 2022-ல் முடிவு: கிட்னித் திறன் 40 சதவீதம் குறைவது, செயலிழப்பது, கிட்னி நோயால் இறப்பது என்ற மோசமான விளைவு ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 28.8 சதவீதம், எடுக்காதவர்களில் 43.1 சதவீதம். கடுமையான பக்கவிளைவு எடுத்தவர்களில் 10.9 சதவீதம், எடுக்காதவர்களில் 2.8. அதில் பெரும்பங்கு முழு டோஸ் எடுத்தவர்களுக்கு வந்தது.

ஏன் இப்படி முரண்? ஒரு பகுதி யாரைச் சேர்த்தார்கள் என்பதில் இருக்கிறது. டெஸ்டிங்கில் பெரும்பாலோர் சீனர்கள். கிழக்காசியர்களுக்கு இந்த நோய் வேகமாகப் போகும், பயாப்ஸியில் அழற்சியும் அதிகம் தெரியும். வேலூர் சிஎம்சி-யில் நம் பகுதி நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த கிரேஸ்-ஐகானி ஆய்வும் இங்கே நோய் வேகமாக இறங்குவதையே காட்டியது. அதனால் ஜெர்மனியின் முடிவை அப்படியே எடுத்து "ஸ்டீராய்டு தேவையில்லை" என்று நம் ஊரில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம், டிபி இருக்கும் நாட்டில் முழு டோஸ் ஸ்டீராய்டைச் சாதாரணமாகக் கொடுப்பதும் சரியில்லை. குறைந்த டோஸ், தடுப்பு மாத்திரை, ஆரம்பிக்கும் முன் மார்பு எக்ஸ்ரே, மறைந்திருக்கும் டிபி-க்கும் ஹெபடைட்டிஸ் பி-க்கும் பரிசோதனை, நிமோனியா தடுப்பூசி. இவ்வளவும் செய்துவிட்டுத் தொடங்கினால்தான் டெஸ்டிங்கின் நல்ல பாதி கிடைக்கும்.

குடலில் வேலை செய்யும் புடெசோனைடு

இதுவும் ஸ்டீராய்டுதான். சிறுகுடலின் கடைசிப் பகுதியில், பேயர் திட்டுகள் இருக்கும் இடத்தில் மருந்து வெளிவருமாறு செய்த கேப்ஸ்யூல். உறிஞ்சப்பட்டதில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடுவதால் உடம்பு முழுக்கப் பரவுவது குறைவு. கிட்னிக்கு வந்துவிட்ட மேக்ரோஃபேஜோடு மல்லுக்கட்டாமல் குறையுள்ள ஐஜிஏ உற்பத்தியாகும் இடத்திலேயே கைவைக்கிறது.

நெஃப்-ஐகார்டு ஆய்வில் 364 பேர். நாளுக்கு 16 மி.கி. வீதம் 9 மாதம், பிறகு 15 மாதம் மருந்தில்லாமல் கவனிப்பு. இரண்டு வருட முடிவில் மருந்து எடுத்தவர்களுக்கு இ-ஜிஎஃப்ஆர் சுமார் 6 இறங்கியிருந்தது, மற்றவர்களுக்கு 12. நல்ல வித்தியாசம்தான். ஆனால் மருந்தை நிறுத்தியபின் புரதம் மெல்ல ஏறத் தொடங்கியதும் அதே ஆய்வில் தெரிகிறது. 9 மாதக் கோர்ஸை முடித்துக் கையைத் தட்டிவிட்டு எழுந்துவிட முடியாது. முகம் உப்புவது, பரு, கால் வீக்கம், பிரஷர் ஏறுவது எல்லாம் இதிலும் சிலருக்கு வந்தன. பக்கவிளைவே இல்லாத ஸ்டீராய்டு என்று விற்கப்படுவதை நம்ப வேண்டாம்.

விலைதான் பெரிய இடி. அமெரிக்காவில் ஒரு கோர்ஸுக்குப் பட்டியல் விலை லட்சம் டாலருக்கு மேல். சிலர் குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய்க்குத் தரும் சாதாரண புடெசோனைடு கேப்ஸ்யூலை வாங்கிப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். மருந்து ஒன்றுதான், ஆனால் குடலில் வெளிவரும் விதம் வேறு. மேலே சொன்ன எண்கள் அதற்குப் பொருந்தாது. டாக்டர் தெரிந்தே எழுதினால் வேறு விஷயம், கடைக்காரர் மாற்றித் தருவதை ஏற்கக் கூடாது.

மற்றவை

மைகோஃபினோலேட்டுக்குச் சீனாவில் 170 பேரிடம் நடந்த ஆய்வு 2023-ல் நல்ல பலன் காட்டியது. மற்ற இனத்தவரிடம் முந்தைய சிறு ஆய்வுகள் கைகொடுக்கவில்லை. சர்க்கரை இருப்பதால் ஸ்டீராய்டைக் குறைக்க வேண்டியவர்களுக்கு யோசிக்கலாம். டான்சிலை எடுப்பது ஜப்பானில் வழக்கம், மற்ற இடங்களில் பரிந்துரைப்பதில்லை.

புது மருந்துகளில் ஸ்பார்சென்டான் அடிப்படை மருந்துகளின் பக்கம் நிற்பது: டெல்மிசார்டான் செய்வதைச் செய்து, கூடவே ரத்தக்குழாயைச் சுருக்கும் எண்டோதீலினையும் தடுக்கிறது. நோயெதிர்ப்பை அடக்குவது அதன் வேலையில்லை. இப்டகோபான் காம்ப்ளிமென்ட் சங்கிலியில் ஃபேக்டர் பி-யைத் தடுக்கிறது. 2024-ல் அமெரிக்கா துரித அனுமதி தந்தது. நான் அதிகம் எதிர்பார்ப்பது ஏப்ரில் என்ற சமிக்ஞையைத் தடுக்கும் ஊசிகளை. அந்த சமிக்ஞைதான் பி செல்லைக் குறையுள்ள ஐஜிஏ சுரக்கத் தூண்டுவது. சிபெப்ரென்லிமாப் ஊசி ஒன்பது மாதத்தில் புரதத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்ததாக 2025-ல் முடிவு வந்தது. ஆனால் புரதம் குறைவது வேறு, பத்து வருடம் கழித்து டயாலிசிஸ் தள்ளிப்போவது வேறு.

அப்படியானால் யாருக்கு எது

புரதம் 2 கிராம், ஈ1 அல்லது சி1, டி0, இ-ஜிஎஃப்ஆர் 70. நோயெதிர்ப்பை அடக்கப் பொருத்தமான நேரம் இது. அடிப்படை மருந்துகளோடு சேர்த்தே தொடங்கலாம். புடெசோனைடு எட்டினால் அது, எட்டாவிட்டால் குறைந்த டோஸ் ஸ்டீராய்டு. கையில் காசில்லை என்பதற்காக ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட, கவனமாகக் கொடுக்கும் மலிவான ஸ்டீராய்டு மேல். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

டி2, இ-ஜிஎஃப்ஆர் 28, புரதம் 1 கிராம், ஈ0, சி0. தழும்பு முக்கால்வாசி வேலையை முடித்துவிட்டது. இங்கே ஸ்டீராய்டு கொடுத்தால் தொற்றும் சர்க்கரையும் உறுதி, லாபம் சந்தேகம். டாபாக்லிஃப்ளோசின், டெல்மிசார்டான், உப்பு, பிரஷர், இதோடு மாற்றுச் சிறுநீரகம் பற்றி வீட்டில் பேச்சை ஆரம்பிப்பது. புதுக் கிட்னியிலும் ஐஜிஏ திரும்பப் படியலாம், ஆனாலும் மாற்று அறுவை வேண்டாம் என்று சொல்ல அது காரணமாகாது.

புரதம் 0.6 கிராம், மற்றதெல்லாம் நார்மல். முன்பு இவர்களை "ஒன்றுமில்லை, வருடம் ஒருமுறை வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். பிரிட்டனின் ராடார் பதிவேட்டுத் தரவு 2023-ல் அந்த நிம்மதியைக் கெடுத்தது: நாளுக்குச் சுமார் அரை கிராமுக்கும் ஒரு கிராமுக்கும் இடையே புரதம் போனவர்களிலும் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்குப் பத்து வருடத்தில் கிட்னி செயலிழந்தது. இப்போதைய இலக்கு 0.5-க்குக் கீழே, முடிந்தால் 0.3. அடிப்படை மருந்துகளை முழு டோஸுக்கு ஏற்றி மூன்று மாதத்தில் மறுபடி பார்ப்பது, இறங்காவிட்டால் நோயெதிர்ப்பை அடக்குவதா என்ற கேள்விக்குப் போவது.

கிரியாட்டினின் வாரத்துக்கு வாரம் ஏறி, பயாப்ஸியில் கிரெசென்ட் நிறைய இருந்தால் இந்தக் கட்டுரையை மூடி வையுங்கள். ஒப்பிட நேரமில்லை, அன்றே அட்மிட் ஆகி ஸ்டீராய்டும் நோயெதிர்ப்பைப் பலமாக அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் தொடங்குவார்கள்.

ஓபி-யில் நேரமில்லாமல் விட்டுப்போகும் ஒரு விஷயம் உண்டு. இந்த வயதுப் பெண்களில் பலர் குழந்தைக்குத் திட்டமிடும் நேரம் இது. டெல்மிசார்டான், ராமிப்ரில் வகைகள் கருவுக்கு ஆகாது. மைகோஃபினோலேட்டைக் கருத்தரிக்கும் முன் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். டாபாக்லிஃப்ளோசினும் கூடாது, ஸ்பார்சென்டானும் கூடாது. எஞ்சியவற்றில் ஸ்டீராய்டு ஒன்றுதான் தேவைப்பட்டால் கர்ப்ப காலத்திலும் ஓரளவு நம்பித் தரக்கூடியது. ஆக, அடுத்த இரண்டு வருடத்தில் குழந்தை வேண்டும் என்றால், அதை டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் முதல் விசிட்டிலேயே சொல்லிவிடுவது நல்லது; நோயை முதலில் அடக்கி, பிறகு மருந்தை மாற்றி, அப்புறம் கருத்தரிக்கும்படி வரிசையை அமைக்க அவருக்குச் சில மாதங்களாவது வேண்டும்.